ஒரு தரம், இரண்டு தரம்

ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஏரி மீனை ஏலம் விடும் வழக்கம், இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் தொழிற்சாலைக் கூரைகள் எழும்புவதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது. கோடை பிறந்து தண்ணீர் மதகுக்குக் கீழே இறங்கியதும், வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு அமர்ந்திருக்கும் அதிகாரியைச் சுற்றி ஊர் திரண்டு நிற்க, தலையாரி 'ஒரு தரம்' என்று ராகமாக இழுத்து, 'ரெண்டு தரம்' என்று இன்னும் நீட்டி, மூன்றாம் தரத்தைச் சொல்லுமுன் வேண்டுமென்றே ஒரு மூச்சு நிறுத்துவார். அந்த ஒரு மூச்சுக்குள்ளே பங்காளிகள் பகையாளிகளானதையும், பகையாளிகள் ரகசியமாகக் கூட்டுச் சேர்ந்ததையும் சிறுவயதில் நான் கரையில் நின்று கண்டிருக்கிறேன். ஏலத்துக்கு உரிய மீன்களோ அச்சமயம் கலங்கல் தண்ணீரில் யாதொரு கவலையுமின்றித் திரிந்துகொண்டிருக்கும்.

மனிதர்களை, அதிலும் ஊரே தலைமேல் வைத்துக் கொண்டாடும் மனிதர்களை, இதே முறையில் கூவி விலை வைப்பார்கள் என்று 2008ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் தேதி வரையில் நம்மில் பலரும் நினைத்துப் பார்த்ததில்லை. அன்று மும்பையில் ரிச்சர்ட் மாட்லி என்ற பிரிட்டிஷ் ஏலக்காரர் சுத்தியலைக் கையில் ஏந்தி நிற்க, இந்தியன் பிரீமியர் லீக்கின் எட்டு அணிகளும் முதன்முறையாக ஆட்களை ஏலம் எடுத்தன. ஒவ்வோர் அணியும் 50 லட்சம் டாலருக்குமேல் செலவழிக்கலாகாது என்பது நிபந்தனை. டெண்டுல்கர், கங்குலி, திராவிட், சேவாக், யுவராஜ் சிங் ஆகிய ஐவர் தத்தம் ஊர் அணிகளுக்கென்று ஏலத்துக்கு அப்பால் வைக்கப்பட்டிருந்தார்கள். அந்த அணி வேறு எவரை எத்தனை விலைக்கு எடுத்தாலும், அதிகபட்ச விலையைக் காட்டிலும் நூற்றுக்குப் பதினைந்து கூடுதலாக இவர்களுக்குக் கொடுத்தாக வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை. சென்னைக்கு அப்படிப்பட்ட சொந்த நட்சத்திரம் எவரும் இல்லை. ஊருக்கு இது ஒரு குறையாகவே அன்று பட்டது. ஆனால் கணக்குத் தெரிந்தவர்களுக்கு அதுவே பாக்கியமாயிற்று. மகேந்திர சிங் தோனியை மும்பை 15 லட்சம் டாலருக்கு எடுத்திருந்தால் டெண்டுல்கருக்கு 17.25 லட்சம் கொடுக்க வேண்டியிருக்கும். இருவருக்குமே 32 லட்சத்துக்குமேல் கரைந்துபோன பிறகு, மிச்சமுள்ள ஆட்களை எதைக்கொண்டு வாங்குவது? அந்தப் பாரம் இல்லாத சென்னை, 15 லட்சம் டாலர் என்று கை தூக்கி, அன்றைய மதிப்பில் 6 கோடி ரூபாய்க்குத் தோனியைப் பெற்றுவிட்டது.

மறுநாள் காலை சுங்குவார்சத்திரத்திலிருந்து பூந்தமல்லிக்குப் போகும் பஸ்ஸில் வேறு பேச்சே இல்லை. இருங்காட்டுக்கோட்டையில் கொரியக் கார்கள் வெளிவரத் தொடங்கிப் பத்தாண்டு ஆகியிருந்தது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கைபேசி உற்பத்தி தொடங்கி இரண்டாண்டு. இரவு ஷிஃப்ட் முடித்துக் கண் சிவந்து வந்தவர்கள் நின்றவாக்கில் வகுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்: பதினான்கு ஆட்டத்துக்கு 6 கோடி என்றால் ஒரு ஆட்டத்துக்கு எத்தனை, ஒரு ஓவருக்கு எத்தனை, அது நம்முடைய எத்தனை வருஷச் சம்பளம். ராஞ்சிக்காரருக்கு நம்மூர்ச் சிமெண்டுக் கம்பெனி எதற்காக இவ்வளவு கொட்டிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு முதியவர் ஆவேசப்பட்டார். அவருடைய கோபத்தில் பணத்தைவிடப் பழைமையின் பங்கே அதிகம் என்பது எனக்குப் பிற்பாடுதான் விளங்கிற்று. அவருக்குத் தெரிந்த கிரிக்கெட் உலகில் ஆட்டக்காரனுக்கு விலை கிடையாது, உத்தியோகம் உண்டு.

அந்த உத்தியோக மரபின் ஆதியில் நிற்பவர் நம் பழைய செங்கற்பட்டு ஜில்லாக்காரரே. மொரப்பாக்கத்தில் 1909இல் பிறந்த எம். ஜே. கோபாலன், கிரிக்கெட்டில் வேகப்பந்து வீச்சாளர், ஹாக்கியிலும் தேசத்தின் முதல் வரிசையைச் சேர்ந்தவர். சென்னைக் கிரிக்கெட்டின் பிதாமகர்களில் ஒருவரான சி. பி. ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர் இவருடைய திறமையைக் கண்டு, பர்மா ஷெல் கம்பெனியில் ஒரு வேலையும் திருவல்லிக்கேணிச் சங்கத்தில் ஓர் இடமும் வாங்கிக் கொடுத்தார். 1934ஆம் ஆண்டு நவம்பரில் சேப்பாக்கத்தில் சென்னையும் மைசூரும் மோதிய ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டத்தில் முதல் பந்தை வீசியவர் கோபாலன்தான். 1936இல் அவர்முன் இரண்டு கப்பல்கள் நின்றன என்று சொல்லலாம்: ஒன்று ஹாக்கி அணியுடன் பெர்லின் ஒலிம்பிக்குக்கு, மற்றொன்று கிரிக்கெட் அணியுடன் இங்கிலாந்துக்கு. அவர் கிரிக்கெட்டைத் தேர்ந்தார்; அங்கே ஒரு டெஸ்டிலும் ஆடும் வாய்ப்புக் கிட்டவில்லை; ஹாக்கி அணியோ தங்கப் பதக்கத்துடன் திரும்பிற்று. இத்தனை பெரிய தீர்மானத்தில் பணம் என்ற சொல்லே எங்கும் பிரஸ்தாபிக்கப்படவில்லை என்பதை இன்றைய இளைஞரிடம் சொன்னால், என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.

சுதந்திரத்துக்குப் பின்னர் இம்மரபு சென்னையில் தழைத்து ஒரு விருட்சமாயிற்று. சன்மார் குழுமம் ஜாலி ரோவர்ஸ் அணியை வளர்த்தது. அமால்கமேஷன்ஸ் குழுமத்தின் இந்தியா பிஸ்டன்ஸ் தன் பெயரிலேயே அணி வைத்திருந்தது. பிற்காலத்தில் சென்னை சூப்பர் கிங்ஸை வாங்கிய இந்தியா சிமெண்ட்ஸ் உள்ளூர் லீக்கில் ஒன்றல்ல, பல அணிகளைப் பராமரித்தது. பாங்குகளும் ரயில்வேயும் தம் பங்குக்கு ஆட்டக்காரர்களை வேலைக்கு எடுத்தன. காலையில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, சிற்றுண்டிக்குப் பின் வலைப்பயிற்சி, ஆடும் வயது கடந்த பிறகும் ஓய்வு பெறும்வரை ஒரு மேஜை, அந்த மேஜையின் பேரில் ஒரு வீட்டுக் கடன். நடுத்தரக் குடும்பத்துத் தகப்பனார் மகனை மைதானத்துக்கு அனுப்பச் சம்மதித்தது இந்த மேஜையை நம்பித்தான். தோனியே 2001 முதல் சில ஆண்டுகள் கரக்பூரில் ரயில்வே டிக்கெட் பரிசோதகராக இருந்தவர் அல்லவா? அந்த ஏற்பாட்டில் உபகாரமும் இருந்தது, கட்டும் இருந்தது; வேலை கொடுத்தவர் புரவலர், பெற்றவர் கடமைப்பட்டவர். சங்கத்தை விட்டுப் போவதென்றால் பல சந்தர்ப்பங்களில் சோற்றை விட்டுப் போவதாகவே முடியும். ஆகவே போனவனை நன்றி கெட்டவன் என்று ஊர் சொல்லிற்று. ஏலம் வந்து அந்த மேஜைகள் மங்கிப்போன பின்னரும் இச்சொல் மட்டும் நம் ரசிகர்களின் நாவில் அப்படியே தங்கிவிட்டது.

கடமைப்பட மறுத்த ஒருவரின் கதை இங்கே சொல்லத் தகும். 1952இல் இங்கிலாந்துப் பிரயாணத்துக்கு முன், லங்காஷயர் லீக்கின் ஹாஸ்லிங்டன் சங்கம் வினூ மன்கட்டைத் தொழில்முறை ஆட்டக்காரராக அழைத்தது. இந்திய அணியில் தமக்கு இடம் உறுதி என்று சொன்னால் அந்த ஒப்பந்தத்தை விட்டுவிடுகிறேன் என்றார் மன்கட். உலகின் தலைசிறந்த சகலகலா ஆட்டக்காரர்களில் ஒருவர் கேட்ட அந்தச் சிறு வாக்குறுதியை நம் கிரிக்கெட் வாரியம் கௌரவக் குறைவாகக் கருதி மறுத்தது. அவர் ஹாஸ்லிங்டனில் கையெழுத்திட்டார். லீட்ஸில் முதல் டெஸ்டின் இரண்டாம் இன்னிங்ஸில் ஓர் ஓட்டமும் எடுக்காமல் நான்கு விக்கெட்டுகளை இந்தியா இழந்த பிறகே வாரியத்துக்குக் கண் திறந்தது. அச்சங்கத்திடமே போய் மன்கட்டை இரவல் கேட்டார்கள். லார்ட்ஸில் அவர் 72, 184 என்று அடித்து, ஒரே இன்னிங்ஸில் 73 ஓவர் வீசி ஐந்து விக்கெட்டும் எடுத்தார். ஆயினும் தோல்வி தோல்விதான்.

அரைநூற்றாண்டுக்குப் பின்னும் வாரியத்தின் சுபாவம் மாறவில்லை. 2007இல் தனியார் முதலீட்டில் இந்தியன் கிரிக்கெட் லீக் தோன்றியபோது, ஹேமங் பதானி உள்ளிட்ட தமிழ்நாட்டு ஆட்டக்காரர்கள் சிலர் அதில் ஒப்பந்தமாயினர். வாரியம் அவர்கள் எல்லோரையும் விலக்கி வைத்தது. அவ்வாண்டின் முதல் போட்டியில் வென்ற சென்னை சூப்பர் ஸ்டார்ஸை இன்று இப்பக்கத்தில் நினைவு வைத்திருப்போர் பத்துப் பேர் இருந்தால் அதிகம். 2009இல் பொதுமன்னிப்பு வந்தது. மன்னிப்பு என்ற அந்தச் சொல்லையே கவனிக்க வேண்டும்: ஒருவன் தன் உழைப்பை வேறிடத்தில் விற்றது குற்றமாக இருந்தாலன்றோ மன்னிப்புக்கு இடம்!

அமெரிக்கர் பேஸ்பால் ஆட்டத்தில் இதே குற்றம் அதற்கும் பல ஆண்டு முன்னரே நீதிமன்றம் ஏறியது. 1969இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணி, கர்ட் ஃப்ளட் என்பவரைக் கேளாமலே பிலடெல்பியாவுக்கு மாற்றிவிட்டது. ஒருமுறை கையெழுத்திட்டவன் ஆயுள் முழுதும் அந்த அணியின் உடைமை என்ற பழைய விதியை எதிர்த்து அவர் வழக்குத் தொடுத்தார். அவருக்குச் சம்பளம் ஆண்டுக்கு 90,000 டாலர். இவ்வளவு வாங்குகிறவனுக்கு என்ன குறை என்று பத்திரிகைகளும் ரசிகர்களில் பெரும்பாலோரும் ஏசினார்கள். எத்தனை சம்பளமானாலும் அடிமை அடிமைதானே என்பது அவர் வாதத்தின் சாரம். 1972இல் உச்ச நீதிமன்றத்தில் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் தோற்றார். அவருடைய ஆட்ட வாழ்வும் அதற்குள் முடிந்துபோயிருந்தது. ஆனால் 1975 டிசம்பரில் பீட்டர் சைட்ஸ் என்ற நடுவர் வேறு இரு ஆட்டக்காரர்களின் வழக்கில் அந்த விதியை உடைத்தார். அதன் பின்னர் ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரன் தன் அணியைத் தானே தேடிக்கொள்ளும் உரிமை பிறந்தது. 2024 டிசம்பரில் ஹுவான் சோட்டோ என்பவர் நியூயார்க்கின் ஒரு அணியைவிட்டு அதே நகரத்து மெட்ஸ் அணிக்குப் பதினைந்து ஆண்டுக்கு 76.5 கோடி டாலருக்குப் போனது அந்த உரிமையின் பேரில்தான். இவ்வழக்குகளின் பின்னே நின்ற மார்வின் மில்லர் ஆட்டக்காரரே அல்லர். 1966இல் ஆட்டக்காரர் சங்கத்துக்கு வருமுன் எஃகுத் தொழிலாளர் சங்கத்தில் பொருளாதார நிபுணராக இருந்தவர். 2024 செப்டம்பர் தொடங்கி சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் சங்க அங்கீகாரம் கேட்டு 37 நாள் வெளியே அமர்ந்திருந்த சாலையில் போய்வந்த எனக்கு, இந்தச் சரித்திரத்தில் அந்த ஒரு விவரமே எல்லாவற்றிலும் ருசியானதாகத் தோன்றுகிறது. இந்தியாவில் இன்று ஆடிக்கொண்டிருக்கும் கிரிக்கெட்காரர்களுக்கு அப்படியொரு சங்கம் இல்லை.

இனி ஜடேஜாவின் விஷயத்துக்கு வருவோம். இந்தத் தொழிற்பேட்டையில் இவரைப்போல் தர்க்கத்துக்கு உணவளித்தவர் வேறெவரும் இலர். 2008இல் ராஜஸ்தான் அணியில் வரையறுத்த சிறு ஊதியத்துக்குச் சேர்ந்த பையன், சென்னையை வென்று முதல் கோப்பையைத் தூக்கிய அணியில் இருந்தான். ஒப்பந்தம் முடிந்ததும் ராஜஸ்தானிலேயே மறுபடி கையெழுத்திடாமல் வேறு அணியுடன் நேரே பேச்சு நடத்தினான் என்று 2010ஆம் ஆண்டு முழுவதும் அவனை ஆடவிடாமல் தடை செய்தார்கள். ஃப்ளட் செய்தது வழக்கு; இவன் செய்தது பேச்சு மட்டுமே. தடைக்குப்பின் கொச்சி அணி எடுத்தது. அந்த அணியே ஓராண்டில் மறைந்தது. 2012 ஏலத்தில் சென்னையும் ஹைதராபாத்தும் கையிருப்பு முழுவதையும் வைத்து 20 லட்சம் டாலரில் முட்டிக்கொண்டு நிற்க, முடிவு கட்ட ரகசிய உறையில் தொகை எழுதிக் கொடுத்தார்கள்; சென்னை வென்றது. உறைக்குள் எழுதிய தொகை என்னவென்று வெளியிடப்படவில்லை, அந்தத் தொகை ஜடேஜாவுக்கும் சேரவில்லை. விதிப்படி அது வாரியத்துக்கே போயிற்று. ஒரகடத்து ஆலையொன்றில் பணிபுரிந்த ஜப்பானிய நிபுணர் ஒருவரிடம் ஒருமுறை இதைச் சொன்னபோது, அவர் சிறிதும் வியக்காமல், 2000இல் இச்சிரோ அமெரிக்காவுக்கு ஆடப்போனதற்காகச் சியாட்டில் அணி ஏலத்தில் வைத்த 1.3 கோடி டாலருக்கு மேற்பட்ட பணமும் அவருடைய பழைய சங்கத்துக்குத்தான் சேர்ந்தது என்று சொல்லிவிட்டு, தம் தயிர்சாதத்தைத் தொடர்ந்தார்.

பின்னர் வந்த பத்தாண்டுகளில் அதே ஜடேஜா நம் பிள்ளைகளுக்குத் 'தளபதி'யானார். 2022இல் அணி அவரைப் பதினாறு கோடிக்கும், தோனியைப் பன்னிரண்டு கோடிக்கும் தக்க வைத்தது. அதே ஆண்டு, 'சின்னத் தல' என்று ஊர் கொஞ்சிய ரெய்னாவை ஏலத்தில் ஒருவரும் கேளாதபோது, 'ஒரு தரம்' என்ற குரல்கூட எழாத அந்த மௌனத்துக்காக இங்கே அழுதவர்களை நான் அறிவேன். ஆயினும் நிர்வாகத்தை நன்றி கெட்டது என்று சொன்னவர் சொற்பம். 2023இல் சேப்பாக்கத்துக் கூட்டம் ஜடேஜா அவுட் ஆக வேண்டும் என்று வேண்டிக்கொண்டது, அவர் போனால்தானே தோனி வருவார்! அந்தப் பருவத்தின் இறுதி ஆட்டத்தில், மழையால் நள்ளிரவு தாண்டிப்போன ஆமதாபாத்தில், கடைசி இரண்டு பந்தில் பத்து ஓட்டம் தேவை என்ற நிலையில் ஒரு சிக்ஸரும் ஒரு பவுண்டரியும் அடித்துக் கோப்பையைத் தந்தவர் அவரே. பார்த்துவிட்டுக் காலை ஷிஃப்டுக்குத் தூங்காமலே போன ஒரு தலைமுறை இப்பக்கத்தில் இருக்கிறது.

2025 நவம்பர் 15ஆம் தேதி, ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துச் சஞ்சு சாம்சனை வாங்கிக்கொண்டதாகச் சென்னை அறிவித்தது. ஜடேஜாவின் ஊதியம் 18 கோடியிலிருந்து 14 ஆகக் குறைந்தது; சாம்சன் 18 கோடியுடன் வந்தார். அன்று சனிக்கிழமை. ஒரகடம் கூட்டுரோட்டுத் தேநீர்க் கடையில், கழுத்தில் நீலப் பட்டையில் அடையாள அட்டை தொங்க, இருவர் வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஐம்பதை நெருங்கிய பர்மனென்ட் ஊழியர், மற்றவன் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து மூன்றாவது முறையாகக் காண்ட்ராக்ட் புதுப்பித்துக்கொண்டிருக்கும் இளைஞன்.

"பத்து வருஷத்துக்கு மேல சோறு போட்ட டீம்டா. போக மாட்டேன்னு சொல்லியிருக்கணும்" என்றார் பெரியவர்.

"அவங்கதானேண்ணே கொடுத்தாங்க? அவரு எங்க போனாரு?"

"ஆளு ஒத்துக்காம மாத்த முடியாதுடா. சம்மதம்னு கையெழுத்துப் போட்டிருக்கான்ல?"

"நானுந்தான் ஆறு மாசத்துக்கு ஒருக்கா போடறேன். சம்மதமான்னு யாருண்ணே கேக்கறாங்க?"

பெரியவர் பதில் சொல்லாமல் கிளாஸைச் சுழற்றி அடியில் தங்கிய சர்க்கரையைக் கரைத்தார். அவர் முதலில் வேலை பார்த்த ஆலை, இந்தச் சாலையிலேயே இருந்து பல ஆண்டுகளுக்குமுன் மூடப்பட்டது. மூடியவர்களை அவர் ஒருநாளும் ஏசி நான் கேட்டதில்லை, வியாபாரம் அப்படி என்பார். சாம்சன் ராஜஸ்தானை விட்டு வர விரும்பினார் என்று பத்திரிகைகள் எழுதியதற்கு மட்டும், வந்தவன் நமக்கும் நிலைக்க மாட்டான் என்று அன்று முழுவதும் குறைபட்டார். நிர்வாகம் அனுப்பினால் அது நிர்பந்தம், ஆட்டக்காரன் வாய் திறந்து போகிறேன் என்றால் அது துரோகம்; பஸ்ஸில் 2008இல் ஆவேசப்பட்ட முதியவர் முதல் இவர்வரை, எத்தனை கோடி என்ற கேள்வியைவிட, முதலில் வாய் திறந்தது யார் என்ற கேள்வியே நம்மவரைச் சுட்டிருக்கிறது.

இளைஞர் கட்சியின் அபிப்பிராயம் வேறு. சேலத்தை அடுத்த சின்னப்பம்பட்டியில் பிறந்த நடராஜனை, 10 லட்சம் அடிப்படை விலையிலிருந்து 3 கோடிக்கு 2017இல் பஞ்சாப் எடுத்தபோது, ஏலமே தர்மதேவதையாக அவர்களுக்குக் காட்சியளித்தது. எந்தப் புரவலரின் கண்ணிலும் பட வேண்டியதில்லை, எந்த மேஜைக்கும் கைகட்ட வேண்டியதில்லை. நான் அதை மறுக்கவில்லை. ஆயினும் விலை எத்தனை உயர்ந்தாலும், எந்த ஊருக்குப் போவது என்பதைச் சுத்தியல்தான் சொல்கிறது. 2018இல் அஸ்வினைத் திரும்ப எடுக்கச் சென்னை முயலும் என்று இங்கே எல்லோரும் காத்திருக்க, 7.6 கோடிக்குப் பஞ்சாப் கொண்டுபோயிற்று; மேற்கு மாம்பலத்துப் பிள்ளை மறுபடி சேப்பாக்கத்துக்கு வர, 2024இல் ஜெட்டாவில் 9.75 கோடி என்று சுத்தியல் விழும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சோட்டோ தன் ஊரைத் தானே தேர்ந்தார். அஸ்வினின் ஊரை வேறு எவரெவரோ பலகை தூக்கித் தீர்மானித்தார்கள்.

மீன் ஏலம் இப்போது அநேகமாக நின்றுவிட்டது. தண்ணீர் வற்றிய மாதங்களில் ஏரியின் வெடித்த தரையைச் சமன் செய்து, சுண்ணாம்புக் கோடு இழுத்து, ஞாயிறுதோறும் டென்னிஸ் பந்துப் போட்டி நடத்துகிறார்கள்; நுழைவுக் கட்டணம், சுழற்கோப்பை, ஒலிபெருக்கியில் வர்ணனை எல்லாம் உண்டு. போன கோடையில் பார்த்தேன், காலை ஆட்டத்தில் மஞ்சள் சட்டையுடன் வேகமாக வீசிய ஒல்லிப் பையன் ஒருவன், பிற்பகலில் பச்சைச் சட்டை மாட்டிக்கொண்டு வேறோர் அணிக்கு வீசினான். ஆட்டம் முடிந்ததும், தேநீர்க் கடையில் விசுவாசத்துக்காக வாதாடிய அதே பெரியவர், வேப்பமரத்தடிக்கு அவனை அழைத்துப் போய், சட்டைப் பையிலிருந்து ஐந்நூறு ரூபாய்த் தாள் ஒன்றை எடுத்து அவன் கையில் அழுத்தினார்.

"அடுத்த ஞாயிறு நமக்குத்தானே தம்பி?"

பையன் தாளை மடித்து அடையாள அட்டையின் உறைக்குள் செருகிக்கொண்டு, "சனிக்கிழமை நைட்டு சொல்றேண்ணே" என்றான்.